பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் லேப்டாப் அணைந்துபோகிறதா? போர்டை மாற்றுவதற்கு முன் இதைப் படியுங்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஏழாம் தலைமுறை ஐ3, ஐ5 லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடைக்காது. நன்றாக ஓடுகிற மெஷினைத் தூக்கிப்போட மனசு வராமல் அதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்று இறங்கியவர்களில் நானும் ஒருத்தன். பென்டிரைவ் தயார், பூட் மெனுவில் (மெஷின் எதிலிருந்து தொடங்கவேண்டும் என்று கேட்கும் பட்டியல்) அதன் பெயரும் வருகிறது, தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் கறுப்புத் திரையில் என்னவோ இரண்டு வரி வந்துவிட்டு லேப்டாப்பே அணைந்துபோகிறது. பென்டிரைவை எடுத்துவிட்டால் விண்டோஸ் வழக்கம்போல வருகிறது. சர்வீஸ் கடையில் பார்க்க 300 ரூபாய் வாங்கிக்கொண்டு, "போர்டுல ஷார்ட் சார், யூஎஸ்பி லைன் போயிடுச்சு, 4,500 ஆகும்" என்றார்கள். அதற்கு முன்பே, பழைய பென்டிரைவ்தான் கெட்டுவிட்டதோ என்று புதிதாக ஒன்றுக்கு 450 ரூபாய் போயிருந்தது. போர்டிலும் கோளாறு இல்லை, பென்டிரைவிலும் கோளாறு இல்லை என்று தெரிந்தபோது வந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

போர்டு ஷார்ட் என்ற பேச்சை அங்கேயே மறுத்திருக்கலாம். அதே யூஎஸ்பி போர்ட்டில் அதே பென்டிரைவைச் செருகினால் விண்டோஸுக்குள் திறக்கிறது, ஃபைல் காப்பி ஆகிறது, மவுஸ் ஓடுகிறது. ஷார்ட் ஆன போர்ட் இப்படி நடந்துகொள்ளாது. செருகியவுடன் மெஷின் அணைந்தால் அது வேறு விஷயம். தேர்ந்தெடுத்த பிறகு, செய்தி ஒன்றைக் காட்டிவிட்டு அணைந்தால் அது மென்பொருள் எடுத்த முடிவு. எனவே முதல் வேலை அந்தச் செய்தியைப் படிப்பது. கண்ணால் பிடிக்க முடியாது. போனில் வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இந்தக் காசில்லாத வேலையைத்தான் கடையில் யாரும் செய்யவில்லை. வீடியோவில் தெளிவாகவே இருந்தது: "வெரிஃபையிங் ஷிம் எஸ்பேட் டேட்டா ஃபெயில்டு: செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்."

இதன் பின்னணி இதுதான். செக்யூர் பூட் ஆன் ஆக இருக்கிற மெஷின், கையெழுத்து இல்லாத எந்தப் பூட் ஃபைலையும் ஓட விடாது. லினக்ஸ்காரர்கள் அதற்காக ஷிம் என்ற சின்ன நிரலை மைக்ரோசாஃப்டிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள். முதலில் ஷிம் ஓடும், அது கிரப் என்ற, எதைத் தொடங்குவது என்று மெனு காட்டும் நிரலை அழைக்கும், கிரப் லினக்ஸை அழைக்கும். பழைய ஷிம்களிலும் கிரப்களிலும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டதால், குறிப்பிட்ட தலைமுறைக்கு முந்தையவற்றை மொத்தமாக ஒதுக்கிவைக்க எஸ்பேட் என்ற ஏற்பாடு வந்தது. 2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் அப்டேட் அந்த ஒதுக்கல் பட்டியலை மெஷினின் ஃபர்ம்வேர் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) நினைவகத்திலேயே எழுதிவைத்தது. விண்டோஸை அழித்தாலும் அது போகாது. ஆகவே அதற்கு முன்பு இறக்கி வைத்திருந்த பல ஐஎஸ்ஓக்கள் (இயங்குதளத்தை நிறுவ இறக்கும் முழு ஃபைல்கள்), அதுவரை நன்றாகப் பூட் ஆன பென்டிரைவ்கள் உட்பட, இந்தச் செய்தியைக் காட்டிவிட்டு மெஷினை அணைத்துவிடும். புதுப் பென்டிரைவ் வாங்கியும் ஏன் பலன் இல்லை என்பதும் இதிலேயே விளங்கும்: ஏறியது அதே பழைய ஐஎஸ்ஓ. பென்டிரைவை மாற்றிப் பார்க்கும்போது ஐஎஸ்ஓவையும் மாற்றாவிட்டால் அந்தச் சோதனையால் எதுவும் நிரூபணம் ஆகாது.

தீர்வு, இன்றைய தேதியில் இருக்கிற புதிய ஐஎஸ்ஓவை இறக்குவதுதான். சுமார் 3 ஜிபி. செக்யூர் பூட்டைத் தொடவே வேண்டாம். ஆனால் இணையத்தில் தேடினால் பத்தில் ஒன்பது பேர் "செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணு" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டதில்தான் ஒரு ராத்திரி போனது. பயாஸுக்குள், அதாவது ஃபர்ம்வேரின் செட்டிங் திரைக்குள், போய்ப் பார்த்தால் செக்யூர் பூட் வரி சாம்பல் நிறத்தில், கைவைக்க முடியாமல் இருந்தது. ஏசர் லேப்டாப்புகளில் இது வழக்கம்: செக்யூரிட்டி பக்கத்தில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்றை வைத்தால்தான் பூட் பக்கத்தில் அந்த வரி திறக்கும். வேலை முடிந்ததும் அதே இடத்தில் பழைய பாஸ்வேர்டைக் கொடுத்து, புதியதைக் காலியாக விட்டு என்டர் அடித்து அதை நீக்கிவிட வேண்டும். மறந்துபோனால் பயாஸ் பூட்டிக்கொள்ளும். அப்போது நிஜமாகவே கடைக்குப் போக வேண்டிவரும். எச்பி மெஷின்களில் வேறு வழக்கம்: செக்யூர் பூட்டை அணைத்துச் சேமித்ததும் அடுத்த தடவை திரையில் நாலு இலக்க எண் காட்டி, அதைத் தட்டி என்டர் அடிக்கச் சொல்லும். அதைச் செய்யாமல் விட்டால் மாற்றம் ஏறாது. எத்தனை தடவை மாற்றினாலும் பழைய நிலைக்கே திரும்புகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இந்த எண்ணைக் கவனிக்காதவர்கள்.

ராத்திரி போனதற்கு இதெல்லாம் காரணமில்லை. செக்யூர் பூட்டை அணைத்ததும் விண்டோஸ் நீல நிறத்தில் 48 இலக்க பிட்லாக்கர் (டிஸ்கில் இருப்பதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவியைக் கேட்டது. பிட்லாக்கரை யாரும் ஆன் பண்ணவே இல்லையே என்று தோன்றும். மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழையும் பல லேப்டாப்புகளில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் இது தானாகவே ஆன் ஆகிவிடும், ஹோம் பதிப்பிலும் சேர்த்துத்தான். செக்யூர் பூட் நிலை மாறினால் யாரோ மெஷினில் கைவைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு அது சாவி கேட்கும். அந்தச் சாவி இல்லையென்றால் டிஸ்கில் இருக்கிற போட்டோ, சர்டிஃபிகேட் எதுவும் திரும்பக் கிடைக்காது. ரெக்கவரி கடைகளாலும் முடியாது. அந்தத் திரையைப் பார்த்ததும் வயிறு கலங்கியது உண்மை. நல்லவேளையாக மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் அந்த மெஷினின் பெயருக்குக் கீழே சாவி இருந்தது. ஆகவே பயாஸில் எதையும் மாற்றுவதற்கு முன்னால், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே போனில் அந்தக் கணக்கைத் திறந்து, மீட்புச் சாவியைப் பேப்பரில் எழுதி வையுங்கள். இன்னும் நல்லது, விண்டோஸ் செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷனை அணைத்து, டிஸ்க் முழுவதும் பூட்டிலிருந்து விடுபடும்வரை காத்திருப்பது. ஹார்ட் டிஸ்க் பெரிதாக இருந்தால் இதற்குச் சில மணி நேரம்கூட ஆகும். அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் சாவி அலுவலக ஐடி ஆட்களிடம் இருக்கும். அவர்களைக் கேட்காமல் தொடாதீர்கள். சாவியைக் கேட்டு நின்றுவிட்டால், செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்து பாருங்கள். பல மெஷின்களில் கேள்வி அதோடு மறைந்துவிடும்.

இது என் லேப்டாப்பின் கதை. உங்கள் மெஷின் வேறு இடத்தில் நிற்கலாம். "பூட் ஆகலை" என்ற ஒரே வார்த்தைக்குள் நாலைந்து வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்காமல் செட்டிங்கை மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் எதை மாற்றினோம் என்பதே தெரியாமல் போய்விடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பு பயாஸ் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பூட் மெனுவே வரவில்லையா? கீபோர்டில் அதற்கான சாவியைத் தட்டத் தட்ட நேராக விண்டோஸ்தான் வருகிறதா? காரணம் பெரும்பாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்தாலும் மெஷின் முழுதாக அணைவதில்லை. கெர்னலை, அதாவது விண்டோஸின் மையப் பகுதியை, டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது. ஷிஃப்ட் சாவியை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக அணையும். சாவிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: டெல்லில் எஃப்12, எச்பியில் எஸ்கேப் தட்டிப் பிறகு எஃப்9, லெனோவாவில் எஃப்12, ஏசூஸ் லேப்டாப்பில் எஸ்கேப், எம்எஸ்ஐயில் எஃப்11. லெனோவா ஐடியாபேட் பலவற்றில் பக்கவாட்டில் ஊசி நுழையும் அளவுக்கு நோவோ பட்டன் இருக்கும். மெஷின் அணைந்திருக்கும்போது அதைக் குத்தினாலே மெனு வரும். ஏசரில் எஃப்12 மெனு பல மாடல்களில் தொடக்கத்திலேயே டிசேபிள் ஆகி இருக்கும். எஃப்2 தட்டி மெயின் பக்கத்தில் அதை எனேபிள் செய்தால்தான் எஃப்12 வேலை செய்யும். லேப்டாப்பில் எஃப் சாவிகள் சத்தம், வெளிச்சம் மாற்றுவதற்கென்று அமைந்திருந்தால் எஃப்என் சேர்த்து அழுத்திப் பாருங்கள். சாவிப் போராட்டமே வேண்டாம் என்றால் விண்டோஸில் ஷிஃப்ட் அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் "யூஸ் எ டிவைஸ்" என்று வரும். அதில் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம். டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வழியாகப் போனால் "யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்" கிடைக்கும். அந்த வரியே இல்லையென்றால் உங்கள் விண்டோஸ் புதிய யுஇஎஃப்ஐ பூட் முறையில் இல்லாமல் அதற்கு முந்தைய லெகசி முறையில் போடப்பட்டிருக்கிறது என்று பொருள். விண்டோஸ் தேடலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து "பயாஸ் மோட்" வரியைப் பார்த்தாலும் இது தெரியும்.

மெனு வருகிறது, அதில் பென்டிரைவின் பெயர் இல்லை என்றால் சந்தேகம் பென்டிரைவ் தயாரித்த முறையின் மேல் போக வேண்டும். ஐஎஸ்ஓ ஃபைலை அப்படியே இழுத்துப் போட்டால் பூட் ஆகாது. யுஇஎஃப்ஐ மெஷின் தேடுவது ஒன்றே ஒன்று: ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆன பார்ட்டிஷனில் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் பூட் ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற இஎஃப்ஐ ஃபைல். பென்டிரைவைத் திறந்து பார்த்தால் இது இருக்க வேண்டும். 2013, 14 வாக்கில் வந்த இன்டெல் ஆட்டம் டேப்லட்கள், குட்டி லேப்டாப்புகள் சிலவற்றில் பிராசசர் 64 பிட், ஃபர்ம்வேர் மட்டும் 32 பிட். அவை பூட்ஐஏ32 என்ற வேறு ஃபைலைத் தேடும். அது இல்லாத பென்டிரைவ் அவற்றின் மெனுவில் தலைகாட்டாது. கடைக்காரருக்கும் நமக்கும் மண்டை காய்கிற இடம் இது.

தயாரிக்க ரூஃபஸ் என்ற இலவச நிரல் போதும். 8 ஜிபி பென்டிரைவ் மின்டுக்குத் தாராளம். பார்ட்டிஷன் ஸ்கீமில் (பென்டிரைவைப் பிரிக்கும் முறை), 2013-க்குப் பிறகு வந்த மெஷின் என்றால் ஜிபிடி வைக்கலாம். பழைய மெஷின், அல்லது எது என்று தெரியவில்லை என்றால் எம்பிஆர் வையுங்கள், லினக்ஸ் ஐஎஸ்ஓக்களில் அது யுஇஎஃப்ஐ, லெகசி இரண்டு முறைக்கும் பொருந்தும். ஸ்டார்ட் கொடுத்ததும் ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்கும். முதலில் ஐஎஸ்ஓ முறை. பூட் ஆகும்போது "எல்டிலினக்ஸ்" என்ற பெயரில் ஃபைல் கிடைக்கவில்லை என்று வந்தால் டிடி முறையில் திரும்ப எழுதுங்கள். விண்டோஸ் ஐஎஸ்ஓ வேறு ஜாதி. அதற்குள் இருக்கும் இன்ஸ்டால் விம் ஃபைல் பெரும்பாலும் 4 ஜிபியைத் தாண்டிவிடும். ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது. கையால் ஃபேட்32 அடித்துக் காப்பி பண்ணுபவர்களுக்கு அங்கேயே தடைப்படும். ரூஃபஸ் அதற்கு என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனும், அதைப் படிக்கத் தெரிந்த குட்டிப் பார்ட்டிஷன் ஒன்றும் சேர்த்துச் செய்துவிடும். பழைய ரூஃபஸில் அந்தக் குட்டிக்குக் கையெழுத்து கிடையாது, செக்யூர் பூட் தடுக்கும்; புதிய ரூஃபஸை இறக்கிக்கொள்ளுங்கள். வென்டாய் (ஒரே பென்டிரைவில் பல ஐஎஸ்ஓக்களை வைக்க உதவும் நிரல்) பயன்படுத்துகிறவர்களுக்கு முதல் தடவை நீல நிறச் சாவிப் பதிவுத் திரை வரும். "என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க்" கொடுத்து பென்டிரைவிலேயே இருக்கும் சாவியைக் காட்ட வேண்டும். அதைத் தாண்டிப் போனால் செக்யூர் பூட் மறுத்துவிடும்.

இறக்கிய ஐஎஸ்ஓ பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்காமல் எழுதாதீர்கள், முக்கியமாக மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்கியிருந்தால். மின்ட் தளத்தில் எஸ்எச்ஏ256 எண், அதாவது ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு எண், இருக்கும். விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளையால் நம் ஃபைலின் எண்ணை எடுத்து ஒப்பிட்டால் ஒரு நிமிட வேலை. சந்தையில் 128 ஜிபி என்று எழுதி 200 ரூபாய்க்கு விற்கும் பென்டிரைவ்களை நம்பவே வேண்டாம். உள்ளே சின்ன சிப் இருக்கும், அளவு நிறைந்த பிறகு எழுதுவதெல்லாம் காற்றோடு போகும், எழுதும்போது பிழையும் காட்டாது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலால் முழுதாக எழுதிப் படித்துச் சோதிக்கலாம். லினக்ஸில் எஃப்3 இருக்கிறது.

மெனுவில் பென்டிரைவ் பெயர் இரண்டு தடவை வந்தால் "யுஇஎஃப்ஐ" என்று முன்னால் போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்கில் விண்டோஸ் யுஇஎஃப்ஐ முறையில் இருக்க, லினக்ஸை லெகசி முறையில் போட்டுவிட்டால் இரண்டையும் ஒரே மெனுவில் கொண்டுவருவது பெரும்பாடு. தேர்ந்தெடுத்ததும் "செக்யூர் பூட் வயலேஷன், இன்வேலிட் சிக்னேச்சர்" என்று பெட்டி வந்தால் அது ஃபர்ம்வேரே தடுப்பது. எஸ்பேட் செய்தியிலிருந்து வேறு. லெனோவாவின் சில புதிய மாடல்களில் மைக்ரோசாஃப்டின் மூன்றாம் தரப்புச் சான்றிதழை ஏற்கும் வரி பயாஸில் ஆஃப் ஆக வரும். அதை ஆன் செய்தாலே லினக்ஸ் பென்டிரைவ் வேலை செய்யும், செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியதில்லை. இன்னொன்று: செக்யூர் பூட் கையெழுத்தைச் சரிபார்க்கும் மைக்ரோசாஃப்டின் 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து காலாவதி ஆகின்றன, அவற்றின் இடத்தில் 2023 சான்றிதழ்கள் வருகின்றன. காலாவதி ஆனதால் மட்டும் ஓடுகிற மெஷின் நின்றுவிடாது. ஆனால் புதிய கையெழுத்தோடு வரும் பென்டிரைவைப் பழைய சான்றிதழ் மட்டும் வைத்திருக்கும் மெஷின் ஏற்காது. விண்டோஸை அழிக்கும் முன் அதன் அப்டேட்களையும், நிறுவனம் கொடுத்திருக்கும் பயாஸ் அப்டேட்டையும் போட்டுவிடுவது நல்லது. பயாஸ் அப்டேட்டை சார்ஜர் செருகியபடிதான் செய்ய வேண்டும்.

கிரப் மெனுவரை வந்துவிட்டால் பூட் பிரச்சினை முடிந்தது. அதற்குப் பிறகு வருவது வேறு. மெனுவில் என்டர் கொடுத்ததும் கறுப்புத் திரையே நின்றால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுதான் காரணம், முக்கியமாக என்விடியா. மெனுவில் காம்பேட்டிபிலிட்டி மோட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் இ சாவியைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். "லைவ் ஃபைல் சிஸ்டம் உள்ள மீடியம் கிடைக்கவில்லை" என்ற பொருளில் வந்தால் போர்ட்டை மாற்றுங்கள்: நீல நிற யூஎஸ்பி 3-இலிருந்து கறுப்பு யூஎஸ்பி 2-க்கு. டெஸ்க்டாப் என்றால் முன்பக்க போர்ட் வேண்டாம், பின்னால் போர்டிலேயே இருப்பதில் செருகுங்கள். ஹப் வழியாக வேண்டவே வேண்டாம். "ஸ்க்வாஷ்எஃப்எஸ் எரர்" வரிசையாக ஓடினால் பென்டிரைவ் அல்லது ஐஎஸ்ஓ பழுது. ஒவ்வொரு தடவை கரண்ட் எடுத்ததும் பயாஸ் செட்டிங்கும் தேதியும் பழைய நிலைக்குப் போனால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும்; கடிகாரக் கடையிலேயே கிடைக்கும், விலை சொற்பம்.

விண்டோஸ் போடுகிறவர்களுக்கு, இன்ஸ்டாலர் வந்தும் டிஸ்க் ஒன்றும் காட்டாத சிக்கல் பதினோராம் தலைமுறை இன்டெலிலிருந்து அடிக்கடி வருகிறது. எஸ்எஸ்டி சாகவில்லை. பயாஸில் விஎம்டி (எஸ்எஸ்டியை நிர்வகிக்கும் இன்டெல் வசதி) ஆன் ஆக இருக்கிறது, இன்ஸ்டாலரிடம் அதற்கான டிரைவர் இல்லை. லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு, "லோட் டிரைவர்" கொடுத்துக் காட்டினால் டிஸ்க் தெரியும். ஏற்கெனவே ஓடுகிற விண்டோஸ் இருக்கும் மெஷினில் விஎம்டியை அணைத்தால் அந்த விண்டோஸ் பூட் ஆகாமல் போகும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். எஸ்எஸ்டி செத்துப்போச்சு, 3,000 ரூபாய் என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் பென்டிரைவ் விண்டோஸில் சில எம்பிதான் காட்டுகிறது, கெட்டுவிட்டது என்று சிலர் தூக்கிப் போடுகிறார்கள். பூட் பென்டிரைவின் பார்ட்டிஷன் அமைப்பை விண்டோஸ் முழுதாகப் படிக்காததால் வருவது அது. விண்டோஸின் டிஸ்க்பார்ட் என்ற கட்டளை நிரலில் லிஸ்ட் டிஸ்க், பிறகு செலக்ட் டிஸ்க் எண், பிறகு கிளீன். அதன்பின் டிஸ்க் மேனேஜ்மென்டில் புதிதாக ஃபார்மேட் அடித்தால் முழு அளவும் திரும்பிவிடும். கிளீன் கொடுப்பதற்கு முன் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜிபி அளவைப் பென்டிரைவின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிஸ்க் 0 அநேகமாக உங்கள் லேப்டாப்பின் சொந்த டிஸ்க், டிஸ்க்பார்ட் "நிச்சயமா?" என்று ஒரு தடவைகூடக் கேட்காது.